பொண்டாட்டி சம்பளத்தில்தான் எங்கள் வயலில் நடவு

"பொண்டாட்டி சம்பளம் வருது, உனக்கென்னப்பா கவலை?" நீடாமங்கலம் பக்கம் நான் போகிற கல்யாணம் காதுகுத்தில் எல்லாம் யாராவது ஒரு சித்தப்பா இதைச் சொல்லாமல் விடுவதில்லை. என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். நான் விவசாயம். என்னைவிட அவளுக்கு வருமானம் அதிகம், அதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர். குறுவையும் சம்பாவும் ஒழுங்காக விளைந்து, ஈரப்பதம் அதிகம் என்று காத்துக் கிடக்க வைக்காமல் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொண்டாலும், செலவு போக வருசத்துக்கு எனக்கு நிற்பது அவளுடைய சில மாதச் சம்பளம்தான். 2012 முதல் 2019 வரை ஒரு வருசம்கூட மேட்டூர் அணையைக் குறுவைப் பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-ல் திறக்கவில்லை. நடுவில் 2016-ல் மழையும் பொய்த்தது, 2018-ல் கஜா புயல் வந்தது. அந்தக் காலத்தில் நிலத்தை விற்காமல் தாக்குப்பிடித்த குடும்பங்களை உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகள் உண்டு, சரி. மற்ற வீடுகளில் ஒரு டீச்சரோ ஒரு நர்ஸோ இருந்திருப்பார். உழவு ஓட்டிய டிராக்டர்காரர் வரப்பில் நின்று பணம் கேட்கும்போது நான் போன் போடுவேன், அவள் வார்டில் இருந்தபடியே ஜிபேயில் அனுப்புவாள், ரெண்டு நிமிசத்தில் அவர் அடுத்த வயலுக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். டெல்டா விவசாயம் பற்றி மேடையில் பேசுகிற யாரும் இந்தப் பணத்தைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

காகிதத்திலும் அவள் கிடையாது. நிலம் யாருடையது என்று காட்டுகிற சிட்டா என் பெயர், பயிர் விவரம் எழுதுகிற அடங்கல் என் பெயர், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் என் பெயர், நெல் போட்ட பணம் வருவதும் என் கணக்கு. விவசாயிகளுக்கு மத்திய அரசு தருகிற பி.எம். கிசான் உதவி, வருசத்துக்கு 6000 ரூபாய், எங்களுக்கு வராது, ஏனென்றால் மனைவி அரசு ஊழியர். அதில் எனக்கு வருத்தமில்லை, அந்த விதி நியாயம்தான். ஆனால் உதவி கிடையாது என்று சொல்ல அவள் சம்பளம் கண்ணுக்குத் தெரிகிறது, சாகுபடி செய்பவர் யார் என்று எழுதும்போது தெரிவதில்லையே, இது என்ன கணக்கு?

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில். பல வீடுகளில் சம்பளம் பொண்டாட்டி பெயரில் ஏறும், ஏடிஎம் கார்டு புருசன் சட்டைப்பையில் இருக்கும். தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க அவரிடம் கை நீட்டி நிற்கிற டீச்சர்களை எனக்குத் தெரியும். "அவரு மனசு நோகக்கூடாது" என்று இன்கிரிமெண்ட் வந்ததையே வீட்டில் சொல்லாத பெண்களையும் தெரியும். கூட சம்பாதிக்கிறோம் என்பதையே ஏதோ குற்றம் மாதிரி நினைத்து, டியூட்டி முடிந்து வந்ததும் உட்காராமல் நேராக அடுப்படிக்குப் போகிறார்கள். புருசன் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் இளக்காரம் செய்வதில்லை, பிள்ளைக்குத் தலைவாரிவிட்டு வேன் ஏற்றுகிறவனைத்தான் டீக்கடையில் கிண்டல் அடிக்கிறார்கள்.

இனிமேல் இந்த மாதிரிக் குடும்பங்கள் கூடத்தான் போகின்றன. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய, மயிலாடுதுறை பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் திருமண உதவித் திட்டமாக ஆரம்பித்தது, 2022-ல் கல்லூரிக்குப் போகிற அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது. பெண்கள் படித்து வேலைக்குப் போகிறார்கள், எங்களை மாதிரி ஆண்கள் நிலத்தோடு நிற்கிறோம். இன்னமும் "எங்க பொண்ணைவிட ஆயிரமாவது கூட வாங்குற மாப்பிள்ளை வேணும்" என்று தரகரிடம் சொல்லிக்கொண்டிருந்தால் எந்த ஊரில் போய்த் தேடுவது? குணத்தையும் உழைப்பையும் பாருங்கள், கூடவே கார்டு யார் கையில் இருக்கும் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ஒன்பது மாவில் மூன்று மாவை அவள் பெயருக்கு எழுதிவைப்பதாக முடிவு செய்து அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பங்காளிகள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். தை அறுவடை முடிந்ததும் பதிவு.