நடுக்கடையில் திறக்காத லிஸ்ட் எதற்கு?

மாத மளிகைக்கு ஒரு லிஸ்ட் வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும், கடையில் பார்க்க வேண்டும், எடுத்ததை டிக் அடிக்க வேண்டும். இதற்காக இரண்டு மாதத்தில் ஐந்து ஆப்பை இறக்கி ஐந்தையும் தூக்கிவிட்டேன். ஐந்திலும் ‘இலவசம்’ என்றுதான் போட்டிருந்தது. வயிறு எரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் போகும் சூப்பர் மார்க்கெட்டில் மளிகை எல்லாம் கீழ்த்தளத்தில். படி இறங்கினாலே சிக்னல் போய்விடும். பருப்பு அடுக்கின் முன்னால் நின்று, ஐந்தாவதாக இறக்கிய ஆப்பைத் திறக்கிறேன். வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் தள்ளுவண்டியோடு நிற்பவர், “கொஞ்சம் நகருங்க” என்கிறார். முந்தின நாள் ராத்திரி அம்மா சொல்லச் சொல்ல, என் கையால், என் போனில் தட்டிய 62 பொருள் அது. அதை என் போனில் வைக்காமல் எங்கேயோ இருக்கும் சர்வரில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நெட் இல்லையென்றால் என் லிஸ்ட் எனக்கே கிடைக்காது!

சரி என்று மேலே ஏறி வந்து சிக்னல் பிடித்தால், திரை முழுக்க விளம்பரம். 30 நொடி. அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவு. விரல் அரை மில்லிமீட்டர் தள்ளிப் பட்டாலும் ஏதோ ஒரு விளையாட்டை இறக்கச் சொல்லும் பக்கத்துக்குப் போய்விடுகிறது. மறுபடி திரும்பி வந்தால் இன்னொரு விளம்பரம். கடைசியில் ஞாபகத்தில் இருந்ததை மட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். பெருங்காயமும் சுக்கும் விட்டுப்போயின. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெருங்காயம் இல்லாத ரசத்தை நானே சாப்பிட்டேன்.

லிஸ்ட்டின் ஒரே வேலை கடையில் கண் முன்னால் இருப்பது. அதைக்கூடச் செய்யாதவர்கள் என்னிடம் கேட்டதைப் பாருங்கள். முதல் ஆப் திறந்ததுமே காண்டாக்ட்ஸ் கேட்டது. அடுத்தது லொகேஷன், அதுவும் எந்நேரமும். துவரம் பருப்பு 2 கிலோ என்று எழுதுவதற்கு என் சித்தப்பா நம்பர் எதற்கு? 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு அச்சு அசலாக ஓர் உதாரணமே இருக்கிறது. போனிலேயே மருத்துவரைப் பார்க்க உதவும் ஆப் ஒன்று காண்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்கிறது, அதை இறக்கிய பெண்ணும் சம்மதிக்கிறார். ஆனால் வைத்தியத்துக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் வைத்தியத்தோடு நின்றுவிடும் என்கிறது சட்டம். வைத்தியத்துக்கே தேவையில்லாதது மளிகைக்கு மட்டும் தேவையா?

அப்புறம் தமிழ். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். கணினியிலும் போனிலும் எல்லா மொழி எழுத்தையும் காட்ட உதவும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்து, 1991இலேயே, இடம்பிடித்துவிட்டது. ‘தமிழிலும் கிடைக்கும்’ என்று போட்டிருந்த ஓர் ஆப்பைத் திறந்தால், பழங்கள் பட்டியலில் ‘தேதிகள்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே ‘சுண்ணாம்பு’. பேரீச்சைக்கும் நாள்காட்டித் தேதிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், எலுமிச்சைக்கும் சுண்ணாம்புக்கும் அப்படியே. எந்திரத்திடம் கொடுத்து மாற்றிவிட்டு, தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை காட்டக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லை. உளுந்து, முருங்கைக்காய், கல்லுப்பு, வெந்தயம் என்று நான் எழுதிய அத்தனையும் ‘மற்றவை’யில் போய் விழுந்தன. கீரைக்கு ‘கட்டு’ என்று அளவு போட வழியில்லை. பவுண்டும் அவுன்ஸும் மட்டும் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினால் மேலே பிள்ளையார் சுழி, முதல் பொருள் மஞ்சள். அம்மா நாற்பது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறார். அந்த ஐந்தில் வேறோர் ஆப் என்ன செய்தது தெரியுமா? நான் எழுதி முடித்ததும் தானாகவே அகர வரிசைப்படி அடுக்கி, மஞ்சளைக் கடைசிப் பக்கம் தள்ளிவிட்டது. வரிசையை மாற்ற வேண்டுமா, பிரீமியம். 25 பொருளுக்கு மேல் வேண்டுமா, அதுவும் பிரீமியம். மாதம் 99 ரூபாய். எந்தக் குடும்பம் 25 பொருளில் மாதத்தை ஓட்டுகிறது?

“காசு கொடுத்துத் தொலையேன்” என்கிறார் என் தம்பி. கொடுக்கலாம், தப்பே இல்லை. உழைத்தவருக்குக் கூலி வேண்டும். அப்படியானால் வாசலிலேயே விலையைச் சொல்ல வேண்டும். 26ஆவது பொருள் எழுதும்போது கதவைச் சாத்திவிட்டுக் கை நீட்டக் கூடாது.

முடியாத வேலையும் இல்லை இது. இப்போது கூகுள் கீப் என்ற குறிப்பெழுதும் ஆப்பில் எழுதுகிறேன். 2013இலிருந்து இருப்பது, விளம்பரம் இல்லை, நெட் இல்லாமலும் திறக்கிறது, டிக் அடிக்கிறது, வீட்டுக்காரரோடு பகிரவும் முடிகிறது. மஞ்சள் முதலில் வைத்தால் முதலிலேயே இருக்கிறது. புதிதாகத் தேடுபவர்கள் எந்த ஆப்பாக இருந்தாலும் முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் அங்கேயே தூக்கிவிடுங்கள்.

ஒன்றுதான் இன்னும் தீரவில்லை. அந்த ஐந்தாவது ஆப்பில் என் கணக்கை அழிக்கப் பொத்தானே கிடையாது, மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பிப் பதினோரு நாளாகிறது, பதில் இல்லை. அம்மா சொல்லி எழுதிய 62 பொருளும் இன்னமும் அவர்களிடம்தான் இருக்கின்றன.