சீல் பிரிக்காத பெட்டிக்குள் பொருள் செத்துக்கொண்டிருக்கிறது

"ஐயோ, ஏன் பிரிச்சீங்க? வேல்யூ போச்சே!"

ஆசையாய் வாங்கிய அனிமே ஃபிகரை, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரத்தின் சிறு சிலையை, பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் நிறுத்தியவரிடம் முதலில் வந்து விழும் வார்த்தை இதுதான். சிற்ப வேலை எப்படி, பெயின்ட் சுத்தமாக இருக்கிறதா, முடியின் நுனிவரை நிறத்தைப் படிப்படியாக ஏற்றியிருக்கிறார்களா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பெட்டியைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பிரிக்காத பெட்டி என்றால் புதுப் பொருள் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

டேப் கிழியவில்லை என்றால் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். சூடும் காற்றின் ஈரமும் டேப்பைக் கேட்டுக்கொண்டா உள்ளே போகின்றன? ஆனால் விற்பவர் "பத்து வருஷமா பீரோவுக்குள்ளயே இருந்துச்சு, தொடவே இல்ல" என்பதைத் தகுதிச் சான்றிதழ் மாதிரி நீட்டுகிறார், அதற்குக் கூடுதல் விலையும் கேட்கிறார். பத்து வருஷம் தொடவே இல்லை என்பது அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லக்கூடியதிலேயே மோசமான செய்தி ஐயா!

ஏன் என்று சொல்கிறேன். பெரும்பாலான ஃபிகர்கள் பி.வி.சி.யில் செய்தவை. பி.வி.சி. இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாய் செய்வதும் அதில்தான். அதே பிளாஸ்டிக் பாவாடை மடிப்பாகவும் காற்றில் பறக்கும் முடியாகவும் வளைந்து கொடுக்கிறதென்றால், அதில் பிளாஸ்டிசைசர் கலந்திருக்கிறது. எண்ணெய்த் தன்மையுள்ள பொருள். இது பி.வி.சி.யோடு வேதியியல் முறையில் பிணைவதில்லை, இடுக்குகளில் ஊறிக் கிடக்கிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். சூடு கூடினால் வேகமும் கூடும். வெளியே நிற்கும் ஃபிகரில் வருவது காற்றோடு போகும், தூசி தட்டிக் கழுவும்போது போகும். மூடிய பெட்டிக்குள் போக வழி ஏது? தோலின் மேலேயே தேங்கி நிற்கும்.

பல வருஷம் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடிக்கும். ஃபிகரைத் தாங்கும் ஒளிபுகும் தட்டின் உள்பக்கம் பனி படிந்த கண்ணாடி போல மங்கியிருக்கும், விரலால் தேய்த்தால் கோடு விழும். ஃபிகரின் கன்னத்தைத் தொட்டால் பிசுபிசு. தொட்ட இடத்தில் ரேகை அப்படியே பதியும். இதைத்தான் புத்தம் புதுசு என்று கைமாற்றுகிறார்கள்.

பிசுபிசுப்பாவது கழுவினால் போகும். போகாத விஷயம் ஒன்று இருக்கிறது: இடுக்குகளில் சொருகிவைத்த மெல்லிய பிளாஸ்டிக் தாள். முடிக்கும் தோளுக்கும் நடுவில், பாவாடைக்கும் தொடைக்கும் நடுவில், பெயின்ட் உரசாமல் இருக்கத் தொழிற்சாலையில் வைப்பது. லாரிப் பயணத்துக்கும் கடை அலமாரிக்கும் அது போதும். வருஷக்கணக்கில் விட்டால் அந்தத் தாளின் சுருக்கங்கள் பெயின்டில் அச்சாகப் பதிந்துவிடும், சில இடங்களில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது பெயின்டையும் பெயர்த்து வரும். தாள் இல்லாமல் கறுப்புக் காலுறை வெள்ளைப் பாவாடையில் அழுந்திக் கிடந்தால் இன்னும் கொடுமை. கருநிறம் பிளாஸ்டிசைசரோடு சேர்ந்து வெள்ளைக்குள் இறங்கிவிடும். அந்தக் கறை பிளாஸ்டிக்குக்குள்ளேயே போய்விடுவதால் சோப்பு ஒன்றும் செய்யாது. முதல் வருஷமே பிரித்து அந்தத் தாளை உருவி எறிந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

தட்டு தாங்குவதால் வளையாது என்றும் ஒரு வாதம். தட்டில் சரியாக உட்காராத வாள் நுனியும் குதிரைவால் முடியும் அழுத்தத்திலேயே கிடந்து, அந்த வளைவையே தன் வடிவமாக எடுத்துக்கொள்ளும். இது சரிசெய்யக்கூடியதுதான். 60 முதல் 70 டிகிரி சூட்டில் தண்ணீர், கொதிநீர் வேண்டாம். வளைந்த பாகத்தை மட்டும் ஒரு நிமிஷம் முக்கி, இளகியதும் நேராக்கிப் பிடித்து, பிடித்த பிடியிலேயே குளிர்ந்த தண்ணீரில் இறக்குங்கள். சூட்டோடு விட்டுவிட்டால் பழையபடி வளையும், பலர் தோற்பது அங்கேதான். கம்பி உள்ளே இருக்கும் பாகத்தையும் ஒட்டுபடங்கள் இருக்கும் இடத்தையும் தண்ணீரில் போடாதீர்கள்.

கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிசுபிசுப்பைப் பார்த்ததும் ஸ்பிரிட்டையும் தின்னரையும் தேடி ஓடுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. இரண்டுமே பெயின்டைக் கரைக்கும். முகத்தில் அச்சடித்த கண்கள் ஒரே துடைப்பில் கலங்கிவிடும், பிறகு அந்தப் பொருளை ஒன்றும் செய்ய முடியாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு சில சொட்டு, மிக மென்மையான பிரஷ். கழற்ற வரும் பாகங்களைக் கழற்றிப் பத்து நிமிஷம் ஊறவைத்து, முடி இடுக்குகளை மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். சொருகும் ஓட்டைகள் வழியாக உள்ளே தண்ணீர் போயிருக்கும். உதறி, ஓட்டை கீழே பார்க்கும்படி வைத்து ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட வேண்டும். மேஜிக் ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம். அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்வது. பளபளப்பான இடத்தை மங்கலாக்கும், மங்கலான இடத்தைப் பளபளப்பாக்கும். பவுடர் தூவுவதும் ஏமாற்று வேலை, நாலு நாளில் பவுடரும் பிசுக்கும் சேர்ந்து மாவாகிவிடும். நெடுநாள் அடைத்துவைத்த ஃபிகரில் சில வாரம் கழித்து மறுபடி பிசுபிசுப்பு எட்டிப்பார்க்கும். மறுபடி கழுவுங்கள். காற்றோட்டத்தில் நின்றால் போகப் போகக் குறையும்.

ஃபிகரை விடுங்கள், கேம் பக்கம் வந்தால் இந்தப் பெட்டி பக்தி இன்னும் மோசம். 2021 ஜூலையில் பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ 64 வீடியோ கேம் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. 1996-இல் வந்த கேம். அன்றிலிருந்து வீட்டில் எது மூடியிருந்தாலும் புதையல் என்று நினைக்கிறார்கள்.

போக்கிமான் கோல்டு, சில்வர் என்ற கேம்களின் கேசட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஜப்பானில் 1999-இல் வந்தவை. உள்ளே சி.ஆர்.2025 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டைச் சேமிக்கும் நினைவகமும், பகல் இரவு காட்டும் கடிகாரமும் அந்த ஒரே பேட்டரியில் ஓடுகின்றன. தொழிற்சாலையில் பற்றவைத்த நிமிஷத்திலிருந்து அது தீர்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் சீல் பிரித்தீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது! கால் நூற்றாண்டு கழித்துப் பிரித்து, பத்து மணி நேரம் விளையாடி, சேமித்து அணைத்தால் மறுநாள் புது ஆட்டம் ஆரம்பி என்று நிற்கும். இதற்குப் பயன்படுத்திய கேசட்டைவிடப் பல மடங்கு விலை. அதே போக்கிமான் வரிசையில் 2002-இல் வந்த ரூபி, சஃபையரில் மட்டும் கொஞ்சம் நிம்மதி. சேமிப்பு ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் பேட்டரி செத்தாலும் ஆட்டம் பிழைக்கும், கடிகாரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் மட்டும் நின்றுபோகும்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் கேசட்டைத் திறந்தாக வேண்டும். அதன் ஸ்க்ரூவுக்கென்றே இருக்கும் 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பேனாவை உருக்கிச் செருகும் குறுக்குவழி ஸ்க்ரூவின் தலையைக் கெடுக்கும். பழைய சேமிப்பு உயிரோடு இருந்தால் கேசட் ரீடர் வைத்து முதலில் கணினியில் நகலெடுங்கள், பேட்டரியைக் கழற்றிய கணமே அது அழிந்துவிடும். புதுப் பேட்டரியைக் காதுத்தகடு, அதாவது பலகையில் பற்றவைப்பதற்கான உலோகத் துண்டு, வைத்ததாகத்தான் வாங்க வேண்டும். வெறும் பட்டன் பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டர் வைத்தால் சூட்டில் உப்பும், வெடிக்கவும் செய்யும். பிளஸ் மைனஸ் பலகையிலேயே அச்சடித்திருக்கிறது, பார்த்து வையுங்கள். செல்லோடேப் போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. கேசட் ஒருமுறை கீழே விழுந்தாலே தொடர்பு விட்டு, நூறு மணி நேர ஆட்டம் காலி.

கேமை ஓட்டும் கருவிகளான கன்சோல்களில் நடப்பது இதைவிடக் கொடூரம். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கென்று ஒரு கெப்பாசிட்டர், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சிறு பாகம், உண்டு. மின்சாரம் இல்லாதபோது நேரத்தை நினைவில் வைப்பது மட்டும்தான் அதன் வேலை. கடைசி 1.6 பதிப்பைத் தவிர மற்றவற்றில் அது கசிந்து, பலகையில் இருக்கும் செம்புக் கோடுகளை அரிக்கிறது. ஓட்டினாலும் அரிக்கும், ஓட்டாமல் வைத்தாலும் அரிக்கும். மூடியைத் திறந்து அதைப் பிடுங்கி, கசிந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டால் பலகை பிழைத்துக்கொள்ளும். அதன்பின் பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் தேதி மறந்துபோகும், வேறு நஷ்டம் இல்லை. சீல் பிரிக்காத எக்ஸ்பாக்ஸுக்கு இந்தச் சிகிச்சையை யார் செய்வது?

காகிதப் பெட்டியாவது பத்திரமாக இருக்குமே என்பார்கள். பழைய கேம் பெட்டிகளைச் சுற்றியிருக்கும் இறுக்கமான பிளாஸ்டிக் உறை வருஷம் போகப் போக இன்னும் சுருங்கும். அட்டையின் மூலைகளை அமுக்கும், நடுவைக் குழிக்கும். காப்பதற்குப் போட்ட உறையே பெட்டியை நெரிக்கிறது. போதாததற்கு, உறை சுற்றும் கருவி எவர் கையிலும் கிடைக்கிறது. நின்டெண்டோவின் பழைய கன்சோலான என்.இ.எஸ்.ஸின் கேம் பெட்டிகளில், அசல் உறையென்றால், பின்பக்கம் இங்கிலீஷ் எச் எழுத்து வடிவில் ஒட்டுத் தையல் இருக்கும். அதுகூடத் தெரியாமல், பளபளவென்று உறை இருந்தால் போதும் என்று வாங்கி ஏமாறுகிறவர்கள் எத்தனை பேர்.

மனசு ஆறாத ஒன்று அனிமே செல். கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு சட்டகத்தையும் கையால் வண்ணம் தீட்டிய ஒளிபுகும் தாள். சசாயே-சான் என்ற ஜப்பானிய டி.வி. கார்ட்டூன் தொடரை 2013 வரை செல்லில்தான் வரைந்தார்கள் என்றால் அந்தக் கைவேலையின் ஆயுளைப் பாருங்கள். அது செல்லுலோஸ் அசிட்டேட் தாள். ஈரத்திலும் சூட்டிலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் விடும், வினிகர் வாடை வரும். அந்த அமிலமே சிதைவை இன்னும் முடுக்கும். இதைக் காற்றுப் புகாத உறையில் போட்டு ஒட்டி, பத்திரம் என்று நினைக்கிறார்கள். அமிலம் வெளியே போக வழியில்லாமல் தாள் சுருங்கி நெளிந்து, தீட்டிய வண்ணம் வெடித்து உதிர்கிறது. பின்னால் வைத்த பென்சில் ஓவியத் தாளோடு ஒட்டியும் போகிறது. அச்சிட்ட நகல் இல்லை அது, உலகத்தில் அந்த ஒன்றுதான் இருக்கிறது. பென்சில் தாளிலிருந்து பிரித்து, அமிலமில்லாத காகிதத்தை இடையில் வைத்து, குளிர்ந்த, ஈரம் குறைந்த, காற்றோட்டமான இடத்தில் படுக்கவையுங்கள். வாடை வந்துவிட்ட செல்லை மற்றவற்றிலிருந்து தனியாக வையுங்கள்.

பிரித்தால் மட்டும் போதாது என்பதும் உண்மைதான். ஜன்னலோரம் வெயிலில் நிறுத்தினால் நிறம் வெளுக்கும். விளக்கோடு கூடிய மூடிய கண்ணாடி அலமாரி உள்ளே சூடேறும். கதவில் விரல்கடை இடைவெளி விடுங்கள், விளக்கை ஆள் இருக்கும்போது மட்டும் போடுங்கள். பெட்டியின் டேப்பைப் பிய்க்காமல் பிளேடால் மடிப்பு ஓரத்தில் மட்டும் கீறுங்கள். பாகங்களை எடுக்கும் வரிசையைப் படம் எடுத்து வைத்தால் திரும்ப அடுக்கத் திண்டாட வேண்டாம். பெட்டியும் தட்டும் முழுசாக இருந்தால், பின்னால் விற்க நேர்ந்தாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

வாங்குகிறவர்களே, பல வருஷப் பழைய பெட்டியை ஒருவர் நீட்டினால் எங்கே வைத்திருந்தீர்கள், அந்த இடம் எவ்வளவு சூடு என்று முதலில் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். "சீல்டு சார், நாங்க எப்படித் திறக்க முடியும்" என்பவரிடம், பிசுபிசுக்கும் ஃபிகருக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுங்கள். திறந்ததும் பழுது தெரிந்தால் "நீங்க பிரிச்சுட்டீங்க, திரும்ப எடுக்க மாட்டோம்" என்று கைவிரிப்பதும் இதே ஆட்கள்தான்.

உங்களிடமே பிரிக்காத கையடக்கக் கன்சோல் இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே திறங்கள். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும், அடிமட்டத்துக்குக் கீழே போனபின் எழாது. 2017-இல் வந்த ஸ்விட்ச் என்ற தன் கன்சோலை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்யச் சொல்கிறது நின்டெண்டோவே. பெட்டிக்குள் கிடக்கும் ஸ்விட்ச்சுக்கு யார் சார்ஜ் போடுகிறார்கள்? சோனியின் பழைய கையடக்கக் கன்சோலான பி.எஸ்.பி.யில் பேட்டரி உப்பிப் பின்மூடியையே தள்ளிவிடும். உப்பியிருந்தால் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜரில் போடாதீர்கள். மூடியைக் கழற்றி மெதுவாக எடுத்து, தீப்பிடிக்காத இடத்தில் தனியாக வைத்து, பேட்டரி திரும்பப் பெறும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், குப்பைத்தொட்டியில் வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் பாதி சார்ஜில் கழற்றித் தனியே வையுங்கள். மற்ற பெட்டிகளை நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பேட்டரியைப் பாருங்கள்.