தனிப் படகு எடுக்கிறீர்களா? முதலில் ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லுங்கள்

ஜூன், டிசம்பர் விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரில் இருக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "ஊர்லேருந்து ஆள் வர்றாங்க, தனியா ஒரு படகு எடுத்தா எவ்வளவு ஆகும்? எடுக்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, அவசரத்தில் இருப்பவர்கள் அப்புறம் வாருங்கள்.

என் கட்சி இதுதான். தனிப் படகு எடுப்பது வீண் செலவு இல்லை. ஆனால் சில நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துத் தனிப் படகு எடுத்துவிட்டு, பொதுப் படகில் ஓடுகிற அதே பதிவுசெய்த விளக்கவுரையைக் கேட்டுக்கொண்டு, சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையின் வாயிலிருந்து வரும் தண்ணீரை உள்ளங்கையில் பிடிப்பதுபோல் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கினால், அது சுத்தமான வீண் செலவு. அதற்கு ஆளுக்கு இருபது சொச்சம் வெள்ளி கொடுத்து ஆற்றங்கரையில் கிளார்க் கீ படகுத்துறை வரிசையில் நின்றாலே போதும். முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள். படகு முழுக்க நமக்கென்று இருக்கும்போது கதையையும் நாம்தான் சொல்ல வேண்டும். நான் கேட்டவரை, அந்த விளக்கவுரைகளில் நகரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் இருக்கிறார், சீனக் கூலிகள் இருக்கிறார்கள், வானுயர்ந்த வங்கிகள் இருக்கின்றன. தமிழர்கள் இருந்தால் அரை வாக்கியம்.

கதைக்குப் போகுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், இதில் பலர் பணத்தை விட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் படகு ஓடும் தண்ணீர் இரண்டு. ஒன்று சிங்கப்பூர் ஆறும் அது போய்ச் சேரும் மரினா பே விரிகுடாவும். இன்னொன்று வெளியே இருக்கும் கடல். இரண்டுக்கும் நடுவில் 2008இல் திறந்த மரினா அணைக்கட்டு நிற்கிறது. 350 மீட்டர் நீளம், ஒன்பது மதகுகள். கெப்பல் பே, செந்தோசா கோவ் போன்ற கடலோரப் படகுத்துறைகளில் நீங்கள் ஏறும் உல்லாசப் படகு அதைத் தாண்டி உள்ளே வந்து மெர்லயன் முன்னால் நிற்காது. தெரிந்த ஒருவர் மகளின் பிறந்தநாளுக்காக "நகரக் காட்சி" என்று விளம்பரம் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு உல்லாசப் படகு எடுத்தார். மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் தெரிந்தது, தெரியாமல் இல்லை. முதுகுப்பக்கம், தூரத்தில், அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம். மெர்லயன் கண்ணிலேயே படவில்லை. விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. வாஸ்தவம்தான், "அருகில்" என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை.

ஆகவே கட்டடங்களைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் ஆற்றுப் படகு. காற்று, தீவு, கடல் குளியல் வேண்டுமானால் உல்லாசப் படகு. இரண்டையும் ஒரே சவாரியில் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அணைக்கட்டை எப்படித் தாண்டுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, ஆற்றுக்கு வருவோம். போன விடுமுறையில் நாகப்பட்டினத்திலிருந்து என் அத்தை வந்திருந்தார். முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. அதனால்தான் தனிப் படகு எடுத்தோம். ஏறும்போது மிதக்கும் மேடையும் படகும் ஒன்றுக்கொன்று வேறு தாளத்தில் ஆடும், அந்த ஓர் எட்டுதான் கஷ்டம். படகோட்டி சீனப் பெரியவர். நாங்கள் கேட்குமுன்பே கையை நீட்டி அத்தையின் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். விளக்கவுரையை நிறுத்த முடியுமா அங்கிள் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "கேன், கேன்" (முடியும், முடியும்) என்று பொத்தானை அழுத்திவிட்டார். அதன்பிறகு மின்மோட்டாரின் சன்னமான ரீங்காரமும் பக்கவாட்டுப் பலகையில் தண்ணீர் அறையும் சத்தமும்தான்.

பத்து நிமிடம் கழித்து அத்தை கேட்டார், "ஏன் தம்பி, கடல்கிட்ட வந்துட்டோம்னு சொல்றீங்க, உப்பு வாசமே வரலியே?"

நல்ல மூக்கு. அணை கட்டிய பிறகு கடல்நீர் உள்ளே வருவதில்லை. இருந்த உப்பும் மழையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, ஆறும் விரிகுடாவும் சேர்ந்து நன்னீர்த் தேக்கமாகிவிட்டன. தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இங்கேதான் வந்து சேர்கிறது, சுத்திகரித்தபின் நம் வீட்டுக் குழாயில் வருகிறது. ஓதமும் போய்விட்டது. முன்பெல்லாம் கடல் ஏறும் நேரத்தில் கவனா பாலத்துக்கு அடியில் படகுகளால் நுழைய முடியாது, நீர் இறங்கும்வரை காத்துக்கிடக்க வேண்டும். இப்போது எந்த நேரமும் ஒரே மட்டம். அந்தப் பாலத்தின் அடியில் போகும்போது தலையை நிமிர்த்திப் பாருங்கள், 1869இல் கிளாஸ்கோவிலிருந்து வந்த இரும்பின் தறையாணிகள் வரிசையாகத் தெரியும். கல்கத்தாவிலிருந்து ஆட்சி நடந்த காலத்தின் கடைசி கவர்னர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆறு 1970களில் எப்படி நாறியது என்று வயதானவர்களைக் கேளுங்கள். 1977இல் பத்தாண்டுக் கெடு வைத்தார் லீ குவான் இயூ, 1987இல் சுத்தம் செய்து முடித்தார்கள். நடுவில் 1983இல் சரக்குத் தொங்கான்களை எல்லாம் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஓடும் சுற்றுலாப் படகுகள் அந்தத் தொங்கான்களின் சாயலில் செய்தவை. முகப்பில் இரண்டு கண் வரைந்திருக்கும், படகு வழி பார்த்துப் போகட்டும் என்ற சீன நம்பிக்கை. இந்தக் கண் கதையை எல்லா விளக்கவுரையும் சொல்லும். அதற்கு முன்னால் இதே ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்கள் யார் என்பதுதான் விட்டுப்போகும்.

பெரும்பாலும் நம்மவர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவரும் வேலையில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. பிறகுதான் சீனர்களுக்கு மாறியது. சூலியா ஸ்திரீட் இன்றைக்கும் ஆற்றங்கரையிலுள்ள போட் கீக்குப் பின்னால் இருக்கிறது. அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இருக்கிறது. 1820களின் கடைசியில் அதைக் கட்டத் தொடங்கியபோது வாசலுக்கு எதிரே கடல். இப்போது எதிரே அடுக்குமாடி அலுவலகங்கள், கடலைத் தேடி நெடுந்தூரம் நடக்க வேண்டும். நாகப்பட்டினத்துக்காரரிடம் நாகூர் ஆண்டவர் பெயரைச் சொன்னால் போதாதா? அத்தை அங்கேயே கைகூப்பிவிட்டார். மறுநாள் டாக்சி பிடித்து தர்காவுக்கும் போய்வந்தோம்.

போட் கீ பக்கம் மதுக்கடை வரிசைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கிற வங்கிகளைக் காட்டி, மார்க்கெட் ஸ்திரீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கேதான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடம், ஆளுக்கொரு பெட்டியடி, சின்ன மேசைப்பெட்டி, ஒரு பாய், பகலில் அதுதான் கடை, இரவில் அதுதான் படுக்கை. வங்கிகள் முகம்கொடுக்காத சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தது அந்தக் கூடங்கள்தான். கிட்டங்கிகளை இடித்துவிட்டார்கள். எதிர்க்கரையில் ஒரு செட்டியாருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள், அது ஓரளவு சமாதானம். படகிலிருந்து சட்டென்று தெரியாது. இறங்கியபின் நடந்து போய்ப் பார்ப்பது நல்லது.

அதே கரையில் ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கிற வெள்ளைக் கட்டடம், 1860களில் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. பக்கத்தில் ராஃபிள்ஸ் கைகட்டி நிற்கிறார். 2019இல் அவர் வந்ததன் இருநூறாம் ஆண்டு நினைவின்போது அவருக்குத் துணையாக இன்னும் நால்வரின் சிலைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நாராயண பிள்ளை, 1819இல் பினாங்கிலிருந்து வந்தவர், செங்கல் சூளை போட்டவர், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் உருவாகக் காரணமானவர். சில காலம்தான். பிறகு ராஃபிள்ஸ் பழையபடி தனியாகிவிட்டார். மற்ற நால்வரையும் அங்கேயே விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆண்டர்சன் பாலத்தை ஒட்டி ஃபுல்லர்ட்டன் கட்டடம். 1928இல் கட்டியது, முன்பு தலைமை அஞ்சலகம், இப்போது ஹோட்டல். ஊருக்குப் பணமும் கடிதமும் அனுப்ப நம் தாத்தாக்கள் வரிசையில் நின்ற இடத்தில் இன்று ஓர் இரவு தங்க என்ன விலை என்று நான் சொல்லப்போவதில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. அப்புறம் மெர்லயன், எஸ்பிளனேட் கலையரங்கம், பெரிய சக்கரம், சாண்ட்ஸ். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். மெர்லயனை 1972இல் வைத்த இடம் இது இல்லை, பாலம் வந்து மறைத்ததால் 2002இல் 120 மீட்டர் நகர்த்தினார்கள் என்ற ஒன்றைச் சொன்னால் பிள்ளைகள் ரசிப்பார்கள். சாண்ட்ஸ் நிற்கும் நிலமே கடலைத் தூர்த்தது என்றால் இன்னும் ரசிப்பார்கள்.

நான் படகை நிறுத்தச் சொல்வது மெர்லயனுக்கு முன்னால் அல்ல, கிளிஃபர்ட் பியருக்கு முன்னால். 1933இல் திறந்த படகுத்துறை, 2006இல் மூடிவிட்டார்கள், இன்று ஹோட்டலின் அங்கம். வளைந்த கூரை அப்படியே இருக்கிறது. ரஜுலா கப்பல் கதையை அங்கே ஆரம்பிப்பேன். 1926இல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் வழியாக 1970களின் தொடக்கம்வரை இங்கே வந்துபோனது. மேல்தட்டில் பாய் விரித்து ஆயிரக்கணக்கில் ஆட்கள். அத்தையின் அப்பா அதில் வந்து போனவர். அவர் கொண்டுவந்த தகரப்பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறதாம், அரிசி போட்டு வைத்திருக்கிறார்களாம். இதை அத்தை அந்த இடத்தில்தான் சொன்னார். இத்தனை வருடப் பழக்கத்தில் அதுவரை சொன்னதே இல்லை. ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டார்.

இங்கேதான் உல்லாசப் படகுக்காரர்களுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் நங்கூரமிடுவது லாசரஸ் தீவின் வளைந்த கடற்கரைக்கு எதிரில். இளம்பிள்ளைகள் தண்ணீரில் குதிப்பார்கள், பாட்டு அலறும், பிரியாணிப் பொட்டலம் பிரியும். அந்தக் கடற்கரையிலிருந்து ஒரு தரைப்பாலம் தாண்டினால் செயின்ட் ஜான்ஸ் தீவு. 1874 முதல் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. கப்பலின் மேல்தட்டில் வந்த ஏழைப் பயணிகளை நேராக நகருக்குள் விடமாட்டார்கள். அந்தத் தீவில் இறக்கி, குளிப்பாட்டி, துணிக்கு மருந்துப்புகை போட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து, நாள்கணக்கில் வைத்திருந்துதான் விடுவார்கள். முதல் வகுப்புப் பயணிகளுக்கு இந்தச் சடங்கு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே வந்த எத்தனையோ தமிழர்கள் சிங்கப்பூரில் முதலில் மிதித்த மண் அந்தத் தீவுதான், போட் கீயும், லிட்டில் இந்தியா என்கிற தேக்காவும் அதற்குப் பிறகு.

ஆட்டம்பாட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலில் பிறந்தநாள் கொண்டாடுங்கள், தாராளமாக. நான்கு மணி நேரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, அந்தத் தரைப்பாலத்தைத் தாண்டிப் போய் வந்தால் கேக் ஒன்றும் உருகிவிடாது.

நடைமுறை விஷயம் கொஞ்சம். ஆற்றில் மாலை ஆறரைக்கு ஏறுங்கள். இங்கே வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் சூரியன் மறையும், போகும்போது வெளிச்சம், திரும்பும்போது விளக்கு, இரண்டும் கிடைக்கும். டிசம்பரில் மழை நிச்சயம், பணத்தைத் திருப்புவார்களா அல்லது வேறு நாள் தருவார்களா என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். சாப்பாடு கொண்டுபோகலாமா என்பது படகுக்குப் படகு மாறும். தலை எண்ணிக்கையில் கைக்குழந்தையும் சேர்த்தி, அதில் வாக்குவாதம் செய்ய வேண்டாம்.

கூட்டம் சிறியது, கையும் கடிக்கிறது என்றால் தனிப் படகே வேண்டாம். ஆற்றுக்குப் பொதுப் படகில் ஏறி, பின்பக்கத் திறந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டு, காதோரம் மெதுவாகக் கதை சொல்லுங்கள். செயின்ட் ஜான்ஸுக்கு மரினா சவுத் பியரிலிருந்து பொதுப் படகு போகிறது, எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வார நாளில் போங்கள். சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில், ஏறத்தாழ செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர்வரை, பக்கத்திலிருக்கும் கூசு தீவுக் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும், அப்போது படகில் இடம் கிடைப்பது சிரமம். செயின்ட் ஜான்ஸில் கடை கண்ணி கிடையாது. தண்ணீரும் சோறும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.