பி.டி.எஸ். ஏழு பேரும் ஒரே பள்ளிக்கூடமா?

வேலூர், காட்பாடி பக்கம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தென்கொரிய பாப் இசைக்குழுவான பி.டி.எஸ்.-ன் பாடகர்கள் ஏழு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாம், வீட்டில் சொல்லாமல் தலைநகர் சியோலுக்கு ஓடிப்போய் ஜெயித்தார்களாம்.

இது உண்மை இல்லை. அவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஏழு பேரில் ஆர்.எம். இல்சானைச் சேர்ந்தவர். சுகாவும் வியும் தேகுக்காரர்கள். ஜே-ஹோப் குவாங்ஜு, ஜிமினும் ஜங்குக்கும் பூசான். இவர்களைச் சேர்த்தது பிக் ஹிட் என்ற இசை நிறுவனம். 2010-ல் முதலில் வந்தவர் ஆர்.எம். சுகா திறமைத் தேர்வு (ஆடிஷன்) மூலம் வந்தார். ஜின் நடிப்பு படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர். அவரைத் தெருவில் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். ஜங்குக் 2011-ல் ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குப் போய்த் தேர்வாகாமல் திரும்பியவர். கடைசியாக 2012-ல் ஜிமின். நடுவில் சேர்ந்த வேறு சிலர் விலகியும் போனார்கள். அப்புறமும் பயிற்சி, பயிற்சிதான். மேடையேறியது 2013 ஜூன் 13-ல்.

வியும் ஜிமினும் சியோலில் ஒரே பள்ளியில் படித்தது நிஜம். ஆனால் அது பயிற்சிக்கு வந்தபிறகு. வதந்தி இதிலிருந்து கிளம்பியிருக்கலாம்.

ஓடிப்போன கதைதான் என்னை ரொம்பக் கவலைப்பட வைக்கிறது. கொரியாவிலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவர்கள் ஒப்பந்தம் போட முடியாது. 2024 ஜனவரியில், பி.டி.எஸ். குழுவைப் பார்க்கவேண்டும் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிய மூன்று பள்ளி மாணவிகளைக் காட்பாடி ரயில் நிலையத்தில்தான் மீட்டார்கள். அந்த வதந்தி உங்கள் குழுவுக்கு வந்தால், தயவுசெய்து இதையும் சேர்த்துப் போடுங்கள்.