காவிரிக் கட்டுரையை யார் எழுதுவது?

இந்தியா பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு மற்ற மொழிகளில் பெயர்த்துக்கொண்டால் போதும் என்கிறார், நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பு, கர்நாடகம் 177.25 டிஎம்சி தர வேண்டும் என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றுக்கு ஆங்கில ஆதாரங்கள் தாராளமாகக் கிடைக்கும். குடகில் தலைக்காவிரி வழிபாடும், தஞ்சை வயல்களில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வழக்கமும் கன்னட, தமிழ் நூல்களில்தான் விரிவாக இருக்கும். இரண்டு மொழித் தொகுப்பாளர்களும், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் ஆதாரத்தை மற்றவருக்குப் படித்துச் சொன்னால்தான் கட்டுரை முழுமை பெறும். கூலியில்லாமல் அதைச் செய்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரு பெயரை எந்த மொழியின் எழுத்தில் முதலில் தரவேண்டும் என்ற ஓயாத சண்டையால், ஆங்கில விக்கிப்பீடியா 2012இல் கட்டுரைகளின் முகப்புப் பகுதிகளிலிருந்து இந்திய எழுத்துகளையே தவிர்க்க முடிவுசெய்தது. சண்டை குறைந்தது உண்மை. ஆனாலும் ஊர்ப்பெயரை அந்த ஊர் எழுத்தில் காண முடியாமல் போனது எனக்கு வருத்தமே.

அச்சில் ஏறாத அறிவுக்கு ஆதாரம் காட்ட முடியாதது இன்னொரு சிக்கல். 2011இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் வாய்மொழிச் சான்றுகளை ஒலிப்பதிவு செய்து, விக்கிப்பீடியாவில் மேற்கோளாக்கிப் பார்த்தார்கள். கட்டுரையாளர் அந்த முயற்சியைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். பழங்குடி மொழிகளுக்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.