ஒரு காட்டு மாமரத்துக்குப் பத்துக் கன்று ஈடாகுமா?

களக்காட்டுக்கு மேற்கே, ஓடைக்கரையில் தானாக முளைத்து நின்ற காட்டு மாமரம் ஒன்றைப் பாதை அகலமாக்கப் போன வருஷம் வெட்டிவிட்டார்கள். கேட்டால், "அதான் ஒன்றுக்குப் பத்தாக நட்டுட்டோமே" என்கிறார்கள். நட்டது பத்தும் பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்று. இந்தக் கணக்கு எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் ஆச்சி மாவடு ஊறுகாய் போட்டது அந்த மரத்துக் காயில்தான். காம்பைக் கிள்ளி, சொட்டுகிற பாலை மோந்து பார்ப்பாள். கற்பூர வாசம் இருந்தால்தான் கூடைக்குள் போகும். சின்ன வயதில் ஒருமுறை, நாலு எட்டு தள்ளி நின்ற இன்னொரு மரத்துக் காயையும் கலந்து கொண்டுபோனேன். "ஏலே, இது அந்த மரத்துக் காய் இல்லியே" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டாள். மிச்சத்தை விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்புப் போட்டு ஜாடியில் குலுக்கினாள். தோல் சுருங்கிச் சுருங்கி, வீடெல்லாம் மணக்கும்.

பக்கத்துப் பக்கத்து மரம் எப்படி வேறு வேறாக இருக்கும்? மாம்பூவுக்கு மகரந்தம் சுமப்பவை பெரும்பாலும் ஈக்கள். எந்த மரத்துத் தூள் எந்தப் பூவில் விழுந்தது என்று யார் கண்டது! அதனால் ஒரே மரத்துக் கொட்டைகளைப் போட்டாலும் பெரும்பாலும் ஒன்றுபோல் ஒன்று வராது. ஒட்டு அப்படியில்லை; ஒரு மரத்துக் குச்சியை வெட்டி வேறு கன்றில் ஒட்டி வளர்ப்பது. ஒரே மரத்தின் நகல்தான் அத்தனையும். ஒன்றைச் சாய்க்கும் நோய் மற்றதையும் சாய்க்கும்.

தில்லியில் உருவாக்கிய மல்லிகா, ஆம்ரபாலி என்ற மா ரகங்கள் இரண்டுக்கும் ஒரு பெற்றோர் நம் தென்னாட்டு நீலம்; வருஷம் தவறாமல் காய்க்கிற மரம். அந்தக் குணத்துக்காகத்தான் அதைச் சேர்த்தார்கள். நாளைக்கு வேறொரு குணம் தேவைப்பட்டால் எங்கே போய்த் தேடுவது? நெல்லைக் காயவைத்துக் குளிர் அறையில் பல வருஷம் வைக்கலாம். மாங்கொட்டை காய்ந்தால் செத்துவிடும். ஒட்டுக்கட்டி வைக்காவிட்டால், ஒரு மரம் நிற்கிற வரைக்கும்தான் அதன் குணமும் நிற்கும்.

கர்நாடகத்தில் மலைநாட்டு ஆற்றோரங்களில் விளையும் ஊறுகாய் மாவான அப்பெமிடிக்கு 2009-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வாசம் பார்த்துப் பெயர் வைத்து, ஒட்டுக்கட்டிக் காக்கிறார்கள். நம் ஓடை மரங்களுக்கு ஒரு பட்டியலாவது போட வேண்டாமா?

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் ஒட்டுக்குச்சி எடுங்கள். பல மரங்களிலிருந்து கொட்டை பொறுக்கி, ஈரம் காயுமுன் அதே கரையில் ஊன்றுங்கள். அப்புறம் கோடாலியை எடுக்கலாம்.

களக்காடு, திருக்குறுங்குடி, கடையம் பக்கத்துச் சொந்தங்களே, உங்கள் வீட்டில் எந்த மரத்து வடு போடுகிறார்கள், அது எங்கே நிற்கிறது என்று கீழே எழுதுங்கள். ஆடியில் குச்சி வெட்ட நானே வருகிறேன்.