விடுதியிலிருந்து வரும் நம்பிக்கை
எந்த மாநிலத்தில் ஆட்சி ஆட்டம் கண்டாலும், எம்எல்ஏக்கள் அணி மாறிவிடாமல் இருக்க, அவர்களை ஏற்றிக்கொண்டு சொகுசு விடுதிக்குப் பேருந்து கிளம்பிவிடுகிறது. பார்க்கவே எரிச்சலாக வருகிறது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தின் ஆளுங்கட்சியான அதிமுகவின் எம்எல்ஏக்களைச் சென்னைக்கு அருகே கூவத்தூர் விடுதியில் நாள்கணக்கில் தங்க வைத்தார்கள். 18ஆம் தேதி அங்கிருந்து நேரே சட்டமன்றம். நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11 என்று அரசு வென்றது. ரகசிய வாக்கெடுப்பு கேட்டதற்குச் சபாநாயகர் மறுத்துவிட்டார். சொந்தக் கட்சியே வெளியில் விட நம்பாத உறுப்பினர், அரசின்மேல் நம்பிக்கை தெரிவித்தார் என்றால் எப்படி ஏற்பது? அரசியலமைப்பின்பால் உண்மையான நம்பிக்கை கொண்டிருப்பேன் என்று பதவியேற்கும்போது உறுதிமொழி எடுத்தவர்கள்தானே இவர்கள்! அப்புறம், வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள் வைத்த நம்பிக்கை? அதற்கு எந்த அவையில் வாக்கெடுப்பு நடத்துவது?